விகடகவியைத் திருப்பிப் போட்டால்

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் யாரும் முதல் சில வாரங்களுக்குள் ஒரு பயிற்சியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு சொல்லைக் கொடுத்தால், பின்னாலிருந்து படித்தாலும் அதே சொல்லாக வருகிறதா என்று சொல்லும் நிரல். ஆங்கிலத்தில் பாலிண்ட்ரோம், நம்மிடம் மாலைமாற்று. பைத்தான் என்ற நிரல்மொழியில் இதற்கு ஒரே ஒரு ஒப்பீடு போதும்: சொல் == சொல்[::-1]. சதுர அடைப்புக்குள் இருப்பது ‘கடைசியிலிருந்து முதல்வரை ஒவ்வொன்றாக எடு’ என்ற கட்டளை. ஆங்கில எழுத்தில் மேடம், லெவல், ரேடார் என்று தட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் ‘ஆம்’ என்கிறது. தமிழில் மாலைமாற்று என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது விகடகவி. அதைத் தட்டினால் ‘இல்லை’ என்கிறது. தாத்தா, பாப்பா, காக்கா, மாமா, யாழ்ப்பாணத்தாரின் திகதி, எதைக் கொடுத்தாலும் அதே ‘இல்லை’தான். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் முதல் பாட்டின் முதல் அடிக்குப் பதினான்கு எழுத்து. இரண்டாம் அடி அந்தப் பதினான்கையும் அப்படியே தலைகீழாக வைத்தது. சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களை நீக்கிவிட்டு அந்தப் பாட்டை உள்ளே அனுப்பினாலும் நிரல் உதட்டைப் பிதுக்குகிறது.

நிரலில் பிழை இல்லை. பாட்டிலும் பிழை இல்லை. ‘ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் வரிசை’ என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கின்றனவே, தப்பு அந்த வரியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் இந்தத் தப்பு வெளியே தெரியாது. தமிழில் முதல் நாளே பல்லைக் காட்டிவிடும். அதனாலேயே தொடக்கநிலைப் பாடத்துக்குத் தமிழ்ச் சொற்கள்தான் நல்ல எடுத்துக்காட்டு என்பது என் கட்சி. மொழிப்பற்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இதையே சொல்வேன்.

முதலில் கணினி அந்தச் சொல்லை எப்படிப் பார்க்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்ட்ரிங்கில் உள்ள ஒவ்வொன்றுக்கும், எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுத் தரமான யுனிகோடில் ஓர் எண் உண்டு. அதைக் குறியெண் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் ஆர்ட் என்ற ஃபங்ஷன் அந்த எண்ணைச் சொல்லும். விகடகவியை ஒவ்வொன்றாக அதற்குள் விட்டால் வருவது இது: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. நாம் எண்ணினால் ஐந்து எழுத்து, இங்கே ஏழு எண். ‘வி’ என்பது கணினிக்கு ஒன்றாக இல்லை. 2997 என்ற ‘வ’, அதன் பின்னால் 3007 என்ற இகரத் துணை எழுத்து, ஆக இரண்டு. இப்போது வரிசையைத் திருப்புங்கள்: 3007, 2997, 2965, 2975, 2965, 3007, 2997. முதல் இடத்திலேயே 2997க்கு எதிரில் 3007 நிற்கிறது. ஒப்பீடு அங்கேயே முறிந்துவிடும். திருப்பிய சொல்லைத் திரையில் அச்சிட்டால், தலைப்பில் ஒட்டிக்கொள்ள ஆளில்லாத இகரக் குறி ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும், அதை அடுத்து ‘வகடகிவ’ என்று வரும். அந்தப் புள்ளி வட்டத்தைத் தமிழில் தட்டச்சு செய்யும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ‘இந்தத் துணை எழுத்துக்கு முன்னால் ஒரு மெய் வரிசை எழுத்து இருந்திருக்க வேண்டும், காணவில்லை’ என்று எழுத்துருப் பொறி விடுக்கும் புகார் அது.

ஒரே சொல், மூன்று நீளம்

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று வெவ்வேறு நிரல்மொழிகளைக் கேட்டால் வெவ்வேறு பதில் வரும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை 5 என்கின்றன. கோ, ரஸ்ட் இரண்டிலும் லென் 15 என்கிறது; சி மொழியிலும் அப்படியே. ஸ்விஃப்ட் 3 என்கிறது. பிஎச்பியில் மூன்று பதிலுக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருக்கிறது. நல்ல வேலைதான், ஆனால் மூன்றில் எதை எப்போது அழைப்பது என்று தெரியாதவர்களுக்கு மூன்று மடங்கு குழப்பம்.

இவற்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு ஒன்றை எண்ணுகிறது. 15 என்பது பைட். வட்டிலோ கம்பியிலோ போவது பைட்தான், ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். தமிழுக்கு யுனிகோடு ஒதுக்கியிருப்பது 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள். அந்த எண்கள் ஒரு பைட்டுக்குள் கொள்ளாது. இன்று எங்கும் புழங்கும் யுடிஎஃப்-8 முறை இந்த வட்டாரத்து எண் ஒவ்வொன்றையும் மூன்று பைட்டாகப் பிரிக்கிறது. ‘த’ 2980, அது 224, 174, 164 ஆகிறது. ‘ம’ 224, 174, 174. புள்ளி 224, 175, 141. தமிழ்த் தொகுதியில் எதை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. இது தெரிந்தால் இன்னொரு பழைய தொல்லையும் விளங்கும். கோப்பைத் திறந்ததும் தமிழுக்குப் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ-யும், வட்டத்துக்குள் சிக்கிய ஆர்-உம் மாறி மாறி வரிசையாக நிற்குமே, அந்தச் சாய்கோட்டு ஏ-தான் 224, வட்டத்து ஆர்-தான் 174. யுடிஎஃப்-8 கோப்பை மேற்கு ஐரோப்பியப் பழைய குறிமுறை என்று நினைத்துத் திறந்ததால் வந்த வினை. தரவு கெடவில்லை, திறந்த விதம்தான் தப்பு. அந்த அலங்கோலத்தை அப்படியே சேமித்துவிட்டால்தான் நிஜமாகக் கெடும்.

5 என்பது குறியெண்களின் எண்ணிக்கை: 2980, 2990, 3007, 2996, 3021. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் உண்மையில் எண்ணுவது 16 பிட் துண்டுகளை. நம் அன்றாட எழுத்துகளுக்கு ஒன்றுக்கு ஒரு துண்டு போதும் என்பதால் விடை ஒத்துப்போகிறது. 2019இல் யுனிகோடு 12இல் சேர்ந்த தமிழின் பழைய பின்னக் குறிகளை, முந்திரி வகையறாக்களை, எடுத்தால் அவை மிகத் தள்ளி 73664 தொடங்கும் பகுதியில் இருக்கின்றன. அங்கே ஒரு குறிக்கு இரண்டு துண்டு. முகபாவப் படங்களுக்கும் அதுவே கதை.

3 என்பது நாம் எண்ணுவது. த, மி, ழ். யுனிகோடு இதற்கு எழுத்துக்கொத்து என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்ற விதிகளையும் வெளியிட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதிய ‘மேடம்’ சொல்லுக்கு இந்த மூன்று அடுக்கிலும் விடை ஐந்தே. அதனால் ஆங்கிலத்தில் மட்டும் பயின்றவருக்கு மூன்று அடுக்கு இருப்பதே பல ஆண்டுகளுக்குத் தெரியாமல் போகிறது. பிறகு ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் பாதியில் அறுந்து நிற்கும்.

அறுந்து நிற்பது எப்படி என்றால், மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர். எழுத்து ஒன்பது, குறியெண் பதினாறு, பைட் நாற்பத்தெட்டு. தரவுத்தளத்தில் பெயருக்கு ‘30’ என்று இடம் விட்டிருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லில் அந்த 30 குறியெண்ணைக் குறிக்கும். பெயர் தாராளமாக உட்காரும். ஆரக்கிளில் இயல்பு அமைப்பை மாற்றாமல் விட்டால் அது 30 பைட். பத்துக் குறியெண்ணுக்கு மேல் இடமில்லை, பதிவு மறுக்கப்படும். நிரலர் முந்திக்கொண்டு முதல் 20 பைட்டோடு நறுக்கி அனுப்பினால், ‘மீனாட்’ வரை பிழைத்து, கடைசி இரண்டு பைட் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமாக மாறும். பைட்டை விட்டுவிட்டு முதல் ஒன்பது குறியெண்ணோடு நறுக்கினால் ‘மீனாட்சிச’ என்று நிற்கும், உகரம் போய்விட்டது. பதினைந்தில் நறுக்கினால் ‘மீனாட்சிசுந்தரம’. புள்ளி போன ஊர்ப்பேரும் ஆள்பேரும் அரசு அச்சுப் பிரதிகளில் உலவுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சின்னது, ஆனால் இன்னும் உறுத்துவது இனிஷியல். அப்பா பெயர் முத்து என்றால் இனிஷியல் ‘மு.’ என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நிரலில் பெயர்[0] என்று எழுதினால் ‘ம’ வரும். கோபாலின் மகள் ‘க.’ ஆகிவிடுவாள். தொடர்பு எண் பட்டியலில் வண்ண வட்டத்துக்குள் முதல் எழுத்தைக் காட்டும் செயலிகளில் கோபாலும் கீதாவும் குமாரும் ஒரே ‘க’வாக நிற்பதைப் பார்த்திருந்தால், பின்னால் இருப்பது இதே பூஜ்யம்தான். குறுஞ்செய்திக் கணக்கும் இப்படியே. ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்துப் போகும். தமிழுக்கு 16 பிட் துண்டு என்பதால் 70. அந்த 70உம் துண்டுக் கணக்கு. ‘நன்றி’ சொன்னால் மூன்று எழுத்து இல்லை, ஐந்து கழியும்.

ஐந்துக்கு ஐந்து

இந்த இடத்தில் கொஞ்சம் தமிழிலக்கணம் தெரிந்தவர்களுக்கு ஒரு மயக்கம் வரும். ‘தமிழ்’ என்பதை ஒலியாகப் பிரித்தால் த், அ, ம், இ, ழ். ஐந்து. பைத்தானும் ஐந்து என்கிறது. ஆகா, கணினி தொல்காப்பியர் வழியில் போகிறது, உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்து எண்ணுகிறது என்று தோன்றும். இந்த விளக்கத்தைப் பலர் நம்பிக்கையோடு சொல்லவும் கேட்கலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஓர் ஊகம் சரியா என்று பார்க்க அதை ஆதரிக்கும் இன்னொரு எடுத்துக்காட்டைத் தேடுவதைவிட, உடைக்கக்கூடிய ஒன்றைத் தேட வேண்டும். நிரல் பிழை தேடுவதில் பாதி வேலை இதுதான். ‘கடல்’ என்று எடுப்போம். ஒலியில் க், அ, ட், அ, ல்: ஐந்து. பைத்தான் சொல்வது 4. ‘அம்மா’வை எடுப்போம். ஒலியில் அ, ம், ம், ஆ: நான்கு. பைத்தான் சொல்வது 5. ஒன்றில் குறைவு, ஒன்றில் கூடுதல். ‘தமிழ்’ சொல்லில் இரண்டும் ஐந்தாக வந்தது தற்செயல். ‘த’வில் மறைந்திருக்கும் அகரத்தை யுனிகோடு எண்ணாமல் விட்டது, ‘ழ்’மேல் இருக்கும் புள்ளியை இலக்கணம் எண்ணாமல் விட்டது. ஒன்று குறைந்து ஒன்று கூடிச் சமன் ஆகிவிட்டது.

விஷயம் முழுக்க இங்கேதான் திரும்புகிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்றே போகலாம். இலக்கணத்தில் ‘க்’ அடிப்படை. அதோடு அகரம் சேர்ந்தால் ‘க’. அதாவது க = க் + அ. யுனிகோடில் ‘க’ அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் ‘க்’. க் = க + புள்ளி. இலக்கணத்துக்கு எது சிறியதோ அது கணினிக்குப் பெரியது. ‘க’ ஓர் எண், ‘க்’ இரண்டு எண். யுனிகோடு தமிழைப் புரிந்துகொள்ளாமல் செய்த குளறுபடி என்று இதைத் திட்டுவது நம்மிடையே வழக்கம். பாதிதான் நியாயம் அது. பேனாவை எடுத்து எழுதிப் பாருங்கள். ‘க’ எழுதிவிட்டுத்தான் மேலே புள்ளி வைக்கிறோம். ‘க்’ எழுதிவிட்டு அகரத்தைச் சேர்ப்பதில்லை. மெய்க்குப் புள்ளி இடுவதைத் தொல்காப்பியமே சொல்கிறது. இலக்கணம் ஒலியைப் பிரித்தது, யுனிகோடு வரிவடிவத்தைப் பிரித்தது. மாலைமாற்றுப் பாடிய சம்பந்தர் இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. விகடகவியின் ஒலிகளைத் திருப்பினால் ‘இவ்’ என்று தொடங்கும், மாலைமாற்று அங்கேயும் தோற்கும். பாட்டில் திரும்புவது உயிர்மெய்யாகச் சேர்ந்து நிற்கும் முழு எழுத்து. யாப்பில் மாத்திரை பார்க்க வேண்டுமா, த ஒன்று, மி ஒன்று, ழ் அரை என்று இன்னொரு கணக்கு. ‘எழுத்து’ என்ற ஒரே சொல்லை நாமும் மூன்று நான்கு பொருளில்தான் புழங்கிக்கொண்டிருக்கிறோம், சந்தர்ப்பம் பார்த்து மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். கணினிக்கு அந்தச் சந்தர்ப்பம் தெரியாது.

திட்டுவதில் மீதிப் பாதி நியாயம் எங்கே என்றால், இடம் ஒதுக்கிய வரிசையில். ‘க’ 2965, அடுத்த ‘ங’ 2969. நடுவில் மூன்று இடம் காலி. தேவநாகரியின் கவர்க்கத்தில் நடுவே வரும் மூன்று எழுத்துகளுக்கான இருக்கைகள் அவை. இந்திய அரசின் இஸ்கி குறிமுறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை யுனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. இல்லாத எழுத்துக்குக் காலி இடம். தேவநாகரிக் ‘க’வின் எண் 2325, தமிழ்க் ‘க’வுக்கும் அதற்கும் இடைவெளி 640, சரியாக ஐந்து 128. மற்ற எழுத்துகளைக் கழித்துப் பார்த்தாலும் அதே 640 வரும். தமிழுக்கே உரிய ற, ன இரண்டையும் நாம் கடைசியில் வைப்போம்; அந்த அச்சில் ‘ன’ நகரத்தின் பக்கத்திலும் ‘ற’ ரகரத்தின் பக்கத்திலும் ஒட்டவைக்கப்பட்டன. இதன் விளைவு அகரவரிசையில் தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன்.

கையால் ஒரு கொத்து

மாலைமாற்று நிரலைச் சரிசெய்ய நூலகம் எதுவும் தேவையில்லை. ஒரு லிஸ்ட், ஒரு லூப், ஒரு நிபந்தனை போதும், தொடக்கநிலையாளர் கற்க வேண்டிய மூன்றும் அதற்குள் வந்துவிடும். வெற்று லிஸ்ட் ஒன்றை எடுத்து எழுத்துகள் என்று பெயர் வையுங்கள். (பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், தயங்க வேண்டாம்.) சொல்லில் உள்ள குறிகளை லூப்பில் ஒவ்வொன்றாக எடுங்கள். அதன் குறியெண் 3006 முதல் 3021க்குள் இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ அது துணை எழுத்து அல்லது புள்ளி; அதைத் தனியாக வைக்காமல் லிஸ்ட்டின் கடைசி உறுப்போடு ஒட்டுங்கள்: எழுத்துகள்[-1] += குறி. இல்லையென்றால் புது உறுப்பாகச் சேருங்கள்.

‘தமிழ்’ சொல்லைத் தாளில் ஓட்டிப் பார்க்கலாம். 2980 துணை எழுத்து இல்லை, லிஸ்ட்டில் [த]. 2990உம் இல்லை, [த, ம]. 3007 வரம்புக்குள் இருக்கிறது, கடைசியோடு ஒட்டும், [த, மி]. 2996, [த, மி, ழ]. 3021 ஒட்டும், [த, மி, ழ்]. நீளம் 3. இப்போது ஸ்ட்ரிங்கைத் திருப்பாமல் இந்த லிஸ்ட்டைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவிக்கு ‘ஆம்’ வரும், தாத்தாவுக்கும் வரும், சம்பந்தருக்கும் வரும். இனிஷியலுக்கு எழுத்துகள்[0] என்று எடுத்தால் ‘மு’ கிடைக்கும். ஆய்தம் 2947, வரம்புக்கு வெளியே இருப்பதால் தனி எழுத்தாகவே நிற்கும். நாம் விரும்புவதும் அதுதான்.

எங்கே உடையும் என்றும் சொல்லிவிட வேண்டும். தட்டச்சுப் பிழையால் சொல் ஒரு துணை எழுத்திலேயே தொடங்கினால் லிஸ்ட்டில் கடைசி உறுப்பு என்று ஒன்று இருக்காது. இன்டெக்ஸ் எரர் என்று நிரல் விழும். நிபந்தனையில் ‘லிஸ்ட் காலியாக இல்லாமலும் இருந்தால்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 3006க்கும் 3021க்கும் நடுவில் சில எண்கள் காலி. அவை வரவே வராது என்பதால் கெடுதல் இல்லை. வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்த எழுத்தில் 8203, 8204 என்ற கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒளிந்திருக்கும். நீளம் எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடுதலாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றைத்தான், ஆர்ட் போட்டு வரிசையாக அச்சிட்டால் பிடிபட்டுவிடும். முகபாவப் படங்களும் பிற மொழிகளும் கலந்து வரும் இடத்தில் இந்தக் கைவேலை போதாது. பைத்தானில் ரீஜெக்ஸ் என்ற தனிப்பொதியில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த கோலம் முழுக் கொத்தைப் பிடிக்கும் (கூடவே வரும் ஆர்இ பொதியில் அது கிடையாது), தமிழுக்கென்றே ஓப்பன்-தமிழ் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மெண்டர். ஆனால் ஒரு தடவையாவது கையால் எழுதிவிட்டு அங்கே போங்கள்.

இரண்டு கொ

எழுத்தைப் பிரித்தாகிவிட்டது, இனி ஒப்பிடலாம் என்று நினைக்கும்போது அடுத்த கண்ணி. ‘கொ’வை இரண்டு விதமாக எழுத முடியும். ‘க’வும் 3018 என்ற ஒரே ஒகரக் குறியும் ஒரு விதம். ‘க’, பிறகு 3014 என்ற ஒற்றைக்கொம்பு, பிறகு 3006 என்ற கால், இது இன்னொரு விதம். திரையில் மயிரிழை வித்தியாசம் இருக்காது. நிரலில் இரண்டும் வேறு வேறு ஸ்ட்ரிங். ‘கொடி’ என்று தேடினால் கோப்பில் கண்முன்னே இருக்கும் ‘கொடி’ கிடைக்காது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளிலும், பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையிலும் இரண்டாம் வகை அடிக்கடி வரும். மருந்து எளிது: பைத்தானின் யுனிகோட்டேட்டா பொதியில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனை ‘என்எஃப்சி’ முறையில் அழைத்தால் எல்லாம் ஒற்றைக் குறி வடிவத்துக்கு வரும். உரை நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே ஒரு தடவை செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் நினைவு வைத்துச் செய்ய முடியாது. ஸ்விஃப்ட்டில் மட்டும் இந்தக் கவலை இல்லை, அது ஒப்பிடும்போதே இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். பைத்தான் இதில் ஒரு வேடிக்கை செய்கிறது: மாறியின் பெயரில் இரண்டு ‘கொ’வையும் ஒன்றாக்கிக்கொள்ளும், மேற்கோளுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கைத் தொடாது.

நார்மலைஸ் எல்லாவற்றையும் தீர்க்காது. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று எழுதுபவர்கள் ஏராளம். பார்க்க ‘கௌரி’ மாதிரியே இருக்கும், யுனிகோடுக்கோ அது கெ, ள, ரி. காலுக்குப் பதில் ரகரம் போடுவதும் உண்டு. இவை குறிமுறைச் சிக்கலைச் சேர்ந்தவை இல்லை, எழுத்துப்பிழைகள். இதற்கெல்லாம் தனியாகத் திருத்தப் பட்டியல்தான் போட வேண்டும்.

னகரம் கடைசியில்

அகரவரிசைக்கு வருவோம். பசு, பலா, பவளம், பழம், பள்ளி, பறவை, பனை. இது நம் வரிசை. பைத்தானில் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான சார்ட் குறியெண்ணைப் பார்த்து அடுக்குவதால் பசு, பனை, பறவை, பலா, பள்ளி, பழம், பவளம் என்று தரும். கடைசியில் இருக்க வேண்டிய பனை இரண்டாவதாக வந்துவிட்டது. மேலே சொன்ன ஒட்டவைத்த இருக்கைகளின் பலன். பட்டமும் படமும் இடம் மாறும்: அகராதியில் மெய் முந்தி என்பதால் பட்டம் முதலில், ஆனால் புள்ளியின் எண் 3021 மகரத்தின் 2990ஐவிடப் பெரியது என்பதால் நிரல் படத்தை முன்னால் வைக்கும்.

இதைச் சரிசெய்வது லூப்புக்குள் லூப் போடக் கற்க அருமையான இடம். பன்னிரண்டு உயிரையும் ஆய்தத்தையும் முதலில் வரிசையாக ஒரு லிஸ்ட்டில் வையுங்கள். வெளி லூப் க முதல் ன வரை பதினெட்டும் மரபு வரிசையில் ஓடட்டும். ஒவ்வொன்றுக்கும் முதலில் புள்ளி வைத்தது, பிறகு வெறும் அகரமேறியது, பிறகு உள் லூப்பில் பதினொரு துணை எழுத்துகளும். ஒன்றுக்குப் பதின்மூன்று, பதினெட்டுக்கு 234, முன்னால் வைத்த 13உம் சேர்ந்தால் 247. பள்ளியில் மனப்பாடம் செய்த எண் லிஸ்ட்டின் நீளமாகத் திரையில் வரும்போது உங்கள் லூப் சரி என்று தெரிந்துகொள்ளலாம். 229 அல்லது 265 வந்தால் உள் லூப்பின் எல்லையைப் பாருங்கள். பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இட எண்ணை ஒரு டிக்ஷனரியில் போட்டு, சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, இட எண்களின் லிஸ்ட்டைச் சார்ட்டுக்குச் சாவியாகக் கொடுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளை னகரத்துக்குப் பின் சேர்க்க மறந்தால் முதல் ‘ராஜா’விலேயே கீ எரர் வரும்.

அந்த ஷகரத்தில்தான் நம் கைவேலை நிரல் இன்னும் இடறுகிறது. ‘லக்ஷ்மி’ என்று கொடுத்தால் ல, க், ஷ், மி என்று 4 சொல்லும். யுனிகோடின் சொந்த வெட்டு விதியும் 4தான் சொல்கிறது. எழுத்துருவோ ‘க்ஷ்’ஐ ஒரே வடிவமாக வரைகிறது, எழுதுபவரின் கையும் அதை ஒன்றாகவே எழுதுகிறது. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். 3000 என்ற ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யுனிகோடு 4.1இல் வந்து சேர்ந்த 2998ஆம் எண் ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், நார்மலைஸ் இரண்டையும் ஒன்றாக்காது. ஸ்ரீதர் என்று பதிந்தவரை ஸ்ரீதர் என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால், முதல் குறிக்கு ஆர்ட் போட்டுப் பாருங்கள்: 3000ஆ, 2998ஆ.